முதலில் சிலாம்பை எடுங்கள்

போன வருஷம் கோடையில் நானும் என் மனைவியும் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில் இருக்கும் மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்கிவிட்டு வந்தோம். பயணத்தைப் பற்றி எழுதுங்கள் என்று நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஊர் சுற்றிய கதை எழுத எனக்கு மனமில்லை. அங்கே ஒரு சாயங்காலம் ஐந்து நிமிஷத்தில் நடந்து முடிந்த விஷயம் ஒன்று இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் கோபமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம், சுற்றிலும் மரப்பலகை வேலி. ஏழு வயதுப் பேத்தி அந்த வேலியில் தொற்றி விளையாடிக்கொண்டிருந்தவள், திடீரென்று விரலைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "டாடி, ஸ்பெல்க்! ஸ்பெல்க்!" என்று ஒரே அழுகை. விரல் நுனியில் மரச் சிலாம்பு ஏறியிருந்தது. என் மகன் விரலைப் பிடித்துப் பார்த்தான். பார்த்துவிட்டு, "ஸ்பெல்க் இல்லை. ஸ்பிளின்டர். எங்கே, ஸ்பிளின்டர்னு சொல்லு" என்றான். குழந்தை விம்மிக்கொண்டே "ஸ்பிளின்டர்" என்றது. "குட்" என்று சொல்லிவிட்டுத்தான் ஊசி எடுக்க உள்ளே போனான்.

அவன் கெட்ட தகப்பன் இல்லை. ராத்திரி எழுந்து குழந்தைக்குப் போர்வை சரிசெய்கிறவன். ஆனால் அன்றைக்கு, விரலில் சிலாம்போடு நின்ற குழந்தைக்கு முதலில் கிடைத்தது வைத்தியம் இல்லை, வார்த்தைத் திருத்தம்.

இதில் பேசுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். நான் படித்தது பிரெஞ்சு மீடியம். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பதினொரு வயது. அதற்கப்புறமும் எங்கள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுதான். அரசாங்க வேலையில் எல்.டி.சி.யாகச் சேர்ந்த பிறகுதான் ஆங்கிலம் கற்றுக்கொண்டேன், அதுவும் கோப்புகளிலிருந்து. என் ஆங்கிலத்தில் ஒரு மனுவுக்குக் குறிப்பு எழுதலாம். ஒரு குழந்தையைக் கொஞ்ச முடியாது. ஆனால் ஒரு மொழி வந்து இன்னொரு பேச்சைத் 'தப்பு' என்று சொன்னால் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த அனுபவத்தில் பேசுகிறேன்.

மருமகள் அந்த நாட்டுப் பெண். அவளுடைய அம்மா, எங்கள் சம்பந்தியம்மாள், வடகிழக்கே டர்ஹாம் பக்கத்து நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். சம்பந்தி தெற்கு யார்க்‌ஷரில் பார்ன்ஸ்லி பக்கம். அவரும் சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, தானும் சுரங்கத்தில் இறங்கியவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார்கள். நான் புத்தகத்தில் படித்த ஆங்கிலம் இவர்களிடம் பாதிதான் செல்லுபடியானது. முதல் ஞாயிற்றுக்கிழமையே பாக்கெட் டைரியை எடுத்து வைத்துக்கொண்டேன். காதில் விழுந்த புதுச் சொற்களையெல்லாம் தேதி போட்டு எழுதினேன். குமாஸ்தா புத்தி, எங்கே போகும்?

சுரங்கத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் மதியச் சாப்பாட்டுக்குச் சம்பந்தி சொல்லும் பெயர் ஸ்னாப். சம்பந்தியம்மாள் ஊரில் அதற்குப் பெயர் பெய்ட். கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷம் ஆகியும் ஒரே டப்பாவுக்கு ஒரே வீட்டில் இரண்டு பெயர். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ரொட்டித் துண்டின் வடிவத்திலேயே செய்த தகர டப்பா ஒன்றைச் சம்பந்தி எனக்குக் காட்டினார். ஸ்னாப் டின் என்றார். சுரங்கத்தில் எலி கடிக்காமல் இருக்க அப்படி ஒரு டப்பா. இப்போது பேத்தியின் பள்ளிக்கூட பிளாஸ்டிக் டப்பாவும் அந்த வீட்டில் ஸ்னாப்தான்.

இரண்டு சுவர்களுக்கு நடுவே போகும் சந்துக்கு லீட்ஸில் கின்னல் என்கிறார்கள். ஸ்னிக்கெட் என்பவர்களும் உண்டு. தெற்கே சசெக்ஸில் அதுவே ட்விட்டன். டர்ஹாமில் வென்னல். இந்த வென்னலைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிரெஞ்சில் சந்துக்கு வெனெல் என்று சொல்வோமே! அதேதான். இன்னொரு நாள் என் மனைவி கை தவறி ஒரு கோப்பையை உடைத்துவிட்டுப் பதறியபோது, சம்பந்தியம்மாள் அவள் தோளைத் தட்டி, "ஃபாஷ் பண்ணிக்காதே" என்ற மாதிரி ஏதோ சொன்னார். அலட்டிக்கொள்ளாதே என்று அர்த்தம். பிரெஞ்சு ஃபாஷே என்ற சொல்லின் பிள்ளை அது. படித்த ஆங்கிலேயர்களுக்கே பலருக்குத் தெரியாத சொல், புதுச்சேரிக் கிழவனான எனக்குச் சட்டென்று புரிந்தது.

ஜூன் மாதத்தில் நான் மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துச் சம்பந்தி என்னை "நெஷ்" என்றார். குளிர் தாங்காத ஆள் என்று கேலி. திட்டுகிறாரோ என்று முதலில் நினைத்தேன். மகன் சிரித்துக்கொண்டே, "அது ஸ்லாங் அப்பா, கண்டுக்காதீங்க" என்றான். நான் கண்டுகொண்டேன். அந்தச் சொல் ஆயிரம் வருஷத்துக்கு முந்தின பழைய ஆங்கிலத்தில் மென்மை என்ற பொருளில் இருக்கிறது. இங்கிலாந்தை நார்மன் பிரபுக்கள் பிடிப்பதற்கு முன்பே இருந்த சொல். அதேபோல விளையாடுவதற்கு யார்க்‌ஷரில் லேக் என்பார்கள். அது வைக்கிங்குகள் கொண்டுவந்த சொல். அவர்கள் யார்க் நகரத்தைப் பிடித்தது 866-இல். பிள்ளையை பெர்ன் என்பது, ஓடையை பெக் என்பது, எல்லாமே இப்படி வேரோடு நிற்கும் சொற்கள். ஸ்லாங் என்பது நேற்று முளைத்து நாளை வாடுவது. இவற்றை ஸ்லாங் என்று சொல்வது, பரம்பரைச் சொத்தை நடைபாதைக் கடைச் சரக்கு என்பது போல.

சரியான ஆங்கிலம் என்று என் மகன் சொல்வது எங்கிருந்து வந்தது? அதுவும் ஒரு வட்டாரப் பேச்சுதான். லண்டனும் அதற்கு வடக்கே உள்ள கிழக்கு மத்திய ஜில்லாக்களும் சேர்ந்த வட்டாரம். அரண்மனையும் கச்சேரியும் அச்சகமும் அந்தப் பக்கம் இருந்ததால் அது பெரிய மனிதனாகிவிட்டது. இங்கிலாந்தில் முதன்முதலாக அச்சகம் வைத்த காக்ஸ்டன் என்பவர் 1490-இல் ஒரு புத்தக முன்னுரையில் ஒரு கதை சொல்கிறார். தேம்ஸ் நதியில் கப்பலேறிய வியாபாரிகள் காற்றில்லாமல் வழியில் கரையேறுகிறார்கள். அதில் ஒருவர் ஒரு வீட்டில் போய்ச் சாப்பிட முட்டை கேட்கிறார். எக் என்ற வடக்கத்திச் சொல்லைச் சொல்லிக் கேட்கிறார். அந்த வீட்டுக்கார அம்மாள், எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று பதில் சொல்கிறாள்! கேட்டவருக்கும் பிரெஞ்சு தெரியாது, அதனால் கோபம் வருகிறது. பக்கத்தில் இருந்த இன்னொருவர் ஐரென் என்று தெற்கத்திச் சொல்லைச் சொன்னதும், ஓ, அதுவா என்கிறாள். அந்த ஐரென் இன்றைக்கு எங்கே? போயே போய்விட்டது. வைக்கிங்குகள் கொடுத்து வடக்கு வைத்திருந்த எக் என்ற சொல்லைத்தான் இன்றைக்கு நம் ஊர் கான்வென்டில் எல்.கே.ஜி. குழந்தைக்குப் படம் போட்டுச் சொல்லித்தருகிறார்கள். அன்றைக்கு அந்த அம்மாள் பிள்ளையைத் திருத்தியிருந்தால், எக் தப்பு, ஐரென் சரி என்றுதான் திருத்தியிருப்பாள்.

என் மகனிடம் இதைச் சொன்னபோது, "இதெல்லாம் கேக்க நல்லாருக்கும்பா. ஆனா படிச்சவங்க யாரும் அப்படிப் பேச மாட்டாங்க" என்றான். அதற்குப் பதில் அவன் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே இருந்தது. பிராட்ஃபோர்டுப் பக்கத்தில் 1855-இல் ஜோசப் ரைட் என்று ஒருவர் பிறந்தார். ஆறு வயதில் கல்குவாரியில் கழுதை ஓட்டும் வேலை. அடுத்து சால்டெயர் கம்பளி மில்லில் நூல் கண்டுகளைக் கழற்றி மாட்டும் வேலை. பதினைந்து வயது வரைக்கும் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாது. அப்புறம் தானாகப் படித்து, காசு சேர்த்து, ஜெர்மனியில் ஹைடல்பெர்க் வரைக்கும் போய் டாக்டர் பட்டம் வாங்கினார். 1901-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒப்பீட்டு மொழியியல் பேராசிரியர் ஆனார். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் யார் தெரியுமா? ரிக் வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லர்.

இவ்வளவு உயரத்துக்குப் போனவர் தன் அம்மா பேசிய பேச்சைத் துடைத்துப் போட்டிருக்கலாம். அவரோ 1898 முதல் 1905 வரை ஆறு பெரிய தொகுதிகளாக ஆங்கில வட்டார வழக்கு அகராதியை வெளியிட்டார். எந்த ஜில்லாவில் எந்தச் சொல், என்ன பொருள் என்று ஒரு நிலப் பதிவேடு போல எழுதி வைத்திருக்கிறார். என் பேத்தியின் ஸ்பெல்க்கும் அதில் இருக்கிறது. மில் கூலியாக இருந்து ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியரான மனிதருக்குத் தன் பேச்சு அவமானமாகப் படவில்லை. பாண்டியிலிருந்து போய் லீட்ஸில் வீடு வாங்கிய நமக்குத்தான் அவர்கள் பேச்சு அவமானமாகப் படுகிறது.

லீட்ஸ் பல்கலைக்கழகமும் 1950-இலிருந்து 1961 வரை இப்படி ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. இங்கிலாந்து முழுக்க 313 இடங்களுக்கு நேரில் போய், 1,300-க்கும் மேற்பட்ட கேள்விகளோடு உட்கார்ந்து, வயதானவர்களிடம் கேட்டு எழுதினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அவர்கள் தேடிப் போனது பெரும்பாலும் கிராமத்துக் கிழவர்களை, ஆண்களை. நான் பார்த்த வரைக்கும் இந்தச் சொற்களைக் குழந்தைக்குக் கொடுப்பது பெண்கள்தான். சம்பந்தியம்மாள் டர்ஹாமை விட்டு வந்து அரை நூற்றாண்டு ஆகிறது. லீட்ஸில் அக்கம்பக்கத்தில் யாரும் ஸ்பெல்க் என்று சொல்வதில்லையாம். அவர் அம்மாவிடமிருந்து அவருக்கு, அவரிடமிருந்து மருமகளுக்கு, அவர்களிடமிருந்து பேத்திக்கு. பிறந்த வீட்டுச் சீதனம் போல அந்தச் சொல் நான்கு தலைமுறை கைமாறி வந்திருக்கிறது. நகையென்றால் லாக்கரில் இருக்கும். சொல்லுக்கு வாய்தான் லாக்கர்.

இங்கேதான் என் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தச் சொற்களுக்கு ஊர் இருந்தது, தொழில் இருந்தது. ஆயிரம் பேர் ஒன்றாகச் சுரங்கத்தில் இறங்கி ஸ்னாப் டப்பாவைத் திறந்தால் அந்தச் சொல்லுக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. 1984-85-இல் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு வருஷம் வேலைநிறுத்தம் செய்தார்கள். நம் பத்திரிகைகளில்கூட அந்தச் செய்தி வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அவர்கள் தோற்றார்கள். அப்புறம் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கடைசியாக மிஞ்சியிருந்த ஆழ்சுரங்கம், யார்க்‌ஷரில் கெல்லிங்லி என்ற இடத்தில் இருந்தது, 2015 டிசம்பரில் அதுவும் மூடிவிட்டது. தொழில் போனபின் அந்தச் சொற்களுக்கு மிஞ்சிய இடம் வீட்டுச் சமையலறை ஒன்றுதான். அங்கேயும் தகப்பன் சிவப்பு மசிப் பேனாவோடு நின்றால் அவை எங்கே போகும்?

மகனுடைய கட்சியையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அவன் அந்த நாட்டில் பதினைந்து வருஷமாக இருக்கிறான். ஆரம்பத்தில் அவன் உச்சரிப்பைக் கேட்டு மீட்டிங்கில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். "என் தோல் கலருக்கு ஒரு மார்க் குறைப்பாங்கப்பா. அவளும் இந்த ஊர் நாட்டுப்புறப் பேச்சு பேசினா இன்னொரு மார்க் போயிடும். எனக்கு நடந்தது அவளுக்கு நடக்கக் கூடாது" என்றான். அதைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது. இதை அற்பமான பயம் என்று நான் சொல்ல மாட்டேன். வாய் திறந்ததும் ஆளை எடை போடும் பழக்கம் அந்த நாட்டில் இருக்கிறது. அது உண்மை.

நானும் முப்பத்தைந்து வருஷம் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தவன். மனு என்றால் மனுவுக்கு ஒரு நடை வேண்டும். கண்டபடி எழுதி வந்ததைத் திருப்பிக் கொடுத்து, இப்படி எழுதி வாங்க என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். பரீட்சையில் ஸ்பிளின்டர் என்றுதான் எழுத வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவளுக்கு அதைச் சொல்லித்தரட்டும், நன்றாகவே சொல்லித்தரட்டும்.

ஆனால் அவளுக்கு அது ஏற்கெனவே தெரியும்! மறுநாள் காலையில் விரலுக்குப் பிளாஸ்திரி மாற்றும்போது மெதுவாகக் கேட்டேன். "ஸ்பிளின்டர்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?" தெரியுமே என்றாள். "அது மிஸ்ஸுக்கு. ஸ்பெல்க் நானாவுக்கு." நானா என்பது பாட்டி. ஏழு வயதுக் குழந்தை எந்தச் சொல்லை எந்தக் கவுன்டரில் கொடுக்க வேண்டும் என்று பிரித்து வைத்திருக்கிறது. வலியில் அழும்போது பாட்டியின் சொல் வந்தது, அவ்வளவுதான். வலிக்கும்போது யாருக்கு மிஸ் ஞாபகம் வரும்?

அதற்கப்புறம் அவள் கேட்டதுதான் என்னைச் சுட்டது. "நானா சொல்றது தப்பா, தாத்தா?"

அடுத்த ஞாயிறு சம்பந்தியம்மாள் வந்திருந்தபோது பார்த்தேன். பேத்தி அவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பாதியில் நிறுத்தி ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தாள். வேறு சொல் போட்டு முடித்தாள். சம்பந்தியம்மாள் கவனித்தாரா தெரியவில்லை. நான் கவனித்தேன். ஒரு சொல்லைத் தப்பு என்றால், குழந்தை அந்தச் சொல்லை மட்டும் தப்பு என்று எடுத்துக்கொள்வதில்லை. அதைச் சொன்ன ஆளையும் சேர்த்தே தப்பு என்று எடுத்துக்கொள்கிறது.

இப்படி ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் பேசுவது எனக்குப் பழக்கமான விஷயம். எங்கள் பள்ளிக்கூடத்தில் இடைவேளையில் தமிழ் பேசினால் ஐம்பது வரி எழுத வேண்டும். பெரிய வகுப்பில் எங்களுக்குப் பிரெஞ்சு நடத்தியவர் பிரான்ஸின் மேற்கே பிரெத்தாஞ் பகுதியைச் சேர்ந்தவர். பரிசுத்தமான பாரிஸ் பிரெஞ்சு பேசுவார். ஒரு மழை நாளில், வகுப்பில் ஐந்தாறு பேர்தான் இருந்தோம், தன் தாத்தா கதையைச் சொன்னார். அந்தப் பகுதியில் பிரெஞ்சுக்குச் சம்பந்தமில்லாத பிரெத்தோன் என்ற மொழி உண்டு. பள்ளியில் அதைப் பேசிய பையன் கழுத்தில் ஒரு பழைய மரச்செருப்பைக் கட்டித் தொங்கவிடுவார்களாம். அவன் இன்னொருவன் பேசுவதைக் காட்டிக்கொடுத்தால் அவன் கழுத்துக்கு மாற்றலாம். சாயங்காலம் யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை. பிரிட்டனிலும் வேல்ஸ் பகுதிப் பள்ளிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே மாதிரி ஒரு மரத்துண்டு இருந்தது என்று பின்னால் படித்தேன்.

இது யாரோ சில வாத்தியார்களின் கொடுமை என்று நினைக்காதீர்கள். பிரெஞ்சுப் புரட்சியின் நடுவில், 1794 ஜூனில், கிரெகுவார் என்ற பாதிரியார் தேசிய சபையில் ஓர் அறிக்கை வைத்தார். வட்டாரப் பேச்சுகளை அடியோடு ஒழிப்பதன் அவசியமும் வழிகளும் என்பதுதான் அதன் தலைப்பு. அடிமைகளுக்கும் யூதர்களுக்கும் உரிமை கேட்டுப் போராடிய நல்ல மனிதர் அவர். நல்ல மனிதர்கள், நல்ல எண்ணத்தில்தான் இதையெல்லாம் செய்கிறார்கள். அன்றைக்கு இதற்கு ஓர் அரசாங்கம் தேவைப்பட்டது, வாத்தியாரும் மரச்செருப்பும் தேவைப்பட்டன. இன்றைக்கு எதுவும் வேண்டாம். பெற்றவர்களே, நல்ல எண்ணத்தில், சம்பளம் இல்லாமல் செய்துவிடுகிறார்கள்.

என் வயதுக்காரர்களில் பலருக்குப் பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில்தான். அவர்களுக்கு இதைச் சொல்கிறேன். குழந்தை தமிழ் மறந்துவிடக் கூடாது என்று மட்டும் நாம் கவலைப்படுகிறோம். வாஸ்தவம்தான். ஆனால் அந்தக் குழந்தைக்கு அங்கே இன்னொரு பாட்டி இருக்கலாம், ஒரு பக்கத்து வீட்டுக் கிழவர் இருக்கலாம். அவர்கள் கொடுக்கும் சொல்லும் அந்தக் குழந்தையின் சொத்து. நாமும் நம் பிள்ளைகளும் டி.வி. ஆங்கிலத்தை உரைகல்லாக வைத்து அதை உரசிப் பார்த்துத் தள்ள வேண்டாம். "இது பாட்டி சொல், அது பள்ளிக்கூடச் சொல், இரண்டும் உன்னுடையது" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஊசி எடுத்து வரும் நேரம்கூட ஆகாது.

இனி மீதியையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் இவ்வளவு நேரம் எழுதியது யோக்கியமாக இருக்காது.

ஊர் திரும்புவதற்கு முந்தின ராத்திரி, பேத்தி என் மடியில் உட்கார்ந்துகொண்டு, "தாத்தா, உன் அம்மா ஸ்பெல்க்குக்கு என்ன சொல்வாங்க?" என்று கேட்டாள். "சிலாம்பு" என்றேன். "ஷிலாம்பு, ஷிலாம்பு" என்று சொல்லிப் பார்த்தாள். லேப்டாப்பில் வேலை செய்துகொண்டிருந்த மகன் தலையைத் திருப்பினான். "சிலாம்பா? அப்படி ஒரு வார்த்தை இருக்கா? எனக்கு ஏம்ப்பா தெரியலை?"

தூக்கம் வருகிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன்.

அவனுக்கு ஏன் தெரியாது என்று எனக்குத் தெரியும். 1989-இல் அவனுக்கும் ஏழு வயது. இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்திருந்தேன். பிரெஞ்சு மீடியத்தில் படித்து, ஆங்கிலம் தெரியாமல் ஆபீசில் ஜூனியர்களிடம் கை கட்டி நின்றவன் நான். என் பிள்ளைக்கு அது நடக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். என் அம்மா அவனோடு நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பாள். செலாம்பு என்பாள். நகராட்சிக்கு மேரி என்பாள்; அவள் காலத்தில் பிறந்த குழந்தைக்குப் பேர் பதிய எல்லோரும் போனது அங்கேதானே. ஒரு நாள் பையன் பள்ளியில் போய் மேரி என்று சொல்லி, அது யார் மேரி என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அழுதுகொண்டு வந்தான். நான் அம்மாவிடம், அவன் எதிரிலேயே, "இனிமே புள்ளைகிட்ட இந்த மாதிரி தப்புத் தப்பா பேசாதம்மா" என்று சொன்னேன்.

அம்மா ஒன்றும் பதில் சொல்லவில்லை. சண்டையும் போடவில்லை. அவனோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். சாப்பிட்டியா, தூங்கு, பத்திரமாப் போ. அவ்வளவுதான். அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தாள். அந்த ஆறு வருஷத்தில் அவளிடமிருந்து அவனுக்குப் போயிருக்க வேண்டிய சொற்கள் எத்தனை என்று எனக்குக் கணக்குத் தெரியாது. எத்தனையோ பதிவேடு எழுதினேன், அதை எழுதவில்லை.

கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததும், பழைய அச்சிலேயே மறுபடியும் கட்டி 2021-இல் திறந்ததும் நம் எல்லோருக்கும் தெரியும். கட்டடத்தைக் கட்டிவிடலாம்.

ஆகவே என் மகன் செய்ததை அவன் யாரிடம் கற்றுக்கொண்டான் என்று நான் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. அவன் கேட்ட கேள்விக்கு அன்றைக்குப் பதில் சொல்லத் தைரியம் இல்லை. இதுதான் பதில். அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். நேரமாகும். பரவாயில்லை, கூட்டியே வாசிக்கட்டும்.